பின்தங்கிய கால்கள்

ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்டு மாதக் கடைசியில், ஆரோக்கிய அன்னையின் கொடியேற்றத்திற்கு முன்னதாகச் சென்று சேரும்படி, நமது பங்கு மக்கள் வேளாங்கண்ணிக்கு நடந்து செல்வது வழக்கம். நான்கு நாள் நடை. காவி உடை, கழுத்தில் செபமாலை, தோளில் துணிப்பை, முன்னால் தள்ளிச் செல்லப்படும் சிறு சப்பரத்தில் அன்னையின் சுரூபம். வெயில் ஏறுமுன் கூடிய மட்டும் தூரத்தைக் கடந்துவிட வேண்டும் என்பதால் அதிகாலை 3 மணிக்கே புறப்பாடு. பங்குத்தந்தை என்ற முறையில் நாமும் உடன் செல்கிறோம். ஐம்பதைத் தாண்டிய உடம்புக்கு அது எளிதன்று. ஆயினும் வெளியில் காட்டிக்கொள்வதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் அந்த நடையில் நாம் செய்த இரண்டு பிழைகளைப் பற்றியே இங்கு எழுத முற்படுகிறோம். ஒருவரைப் புகழ்ந்தது ஒரு பிழை. ஒருவரைக் கடிந்தது மற்றொன்று. இரண்டுக்கும் வேர் ஒன்றே என்பதை உணர நமக்கு நெடுநாள் பிடித்தது.

புகழப்பெற்றவர் ஒரு தையற்காரர். நாற்பத்தைந்து வயதிருக்கும். காலை முதல் இரவு வரை எந்திரத்தின் முன் குனிந்து அமர்ந்திருப்பவர். அந்த எந்திரமும் மின்சாரத்தில் ஓடுவது, காலுக்கு வேலையில்லை. ஞாயிறு திருப்பலிக்கு அவர் வருவது அரிது. ஆனால் நடைப்பயணம் என்று வந்துவிட்டால் கொடியை அவர் கையில்தான் கொடுத்தாக வேண்டும். நான்கு நாளும் முதல் ஆளாக, பாடிக்கொண்டே, மூச்சு வாங்காமல் நடப்பார். மற்றவர்கள் நிழல் கண்ட இடத்தில் விழுந்து கிடக்கும்போது அவர் பக்கத்துத் தெருவுக்குப் போய்த் தண்ணீர்க் குடம் தூக்கி வருவார். முதல் நாள் மாலை, தங்கிய ஊரின் கோவில் முற்றத்தில் ஆற்றிய மறையுரையில், தூய பவுலடியார் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் ஒன்பதாம் அதிகாரத்தை எடுத்துக்கொண்டு, பந்தயத் திடலில் ஓடுகிறவனைப் பற்றிப் பேசினோம். எடுத்துக்காட்டாக அவரையே எழுந்து நிற்கச் சொன்னோம். கூட்டம் கைதட்டியது. அவருக்குத்தான் கூச்சம் தாங்கவில்லை.

மறுநாள் முற்பகலில் ஒரு பெண் பின்தங்கினார். நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர். மூன்று பிள்ளைகளின் தாய். நான்கு முறை வழியில் உட்கார்ந்துவிட்டார். நான்காம் முறை ஒரு மதகுக் கட்டையில். அடுத்த ஊர்ப் பங்கில் நமக்கென உணவு சமைத்து வைத்துக் காத்திருந்தார்கள், நேரம் கடந்துகொண்டிருந்தது, நமக்கும் கால் வலி. எல்லாரும் கேட்க நாம் சொன்னோம்: “விசுவாசம் உறுதியாக இருந்தால் கால் தானாக நடக்கும் அம்மா. அதோ, கொடி பிடித்துப் போகிறவரைப் பாருங்கள்.”

அவர் பதில் பேசவில்லை. எழுந்தார். ஐம்பது அடி நடந்திருப்பார், சாலையோரத்தில் சரிந்தார்.

முதலுதவிக்காக உடன் வந்த அருட்சகோதரி செவிலியராகப் பல்லாண்டு பணி செய்தவர். ஓடிப்போய் அப்பெண்ணின் கண்ணின் கீழ்இமையை விரலால் இழுத்துப் பார்த்தார். பிறகு நம்மை அழைத்தார். “ஃபாதர், இங்கே வந்து பாருங்கள். சிவப்பாக இருக்க வேண்டிய இடம் சுண்ணாம்புபோல வெளுத்திருக்கிறது. இதற்கும் விசுவாசத்துக்கும் சம்பந்தம் இல்லை.” ஆரம்ப சுகாதார நிலையத்தில் சோதித்தபோது ஹீமோகுளோபின் 6.8 கிராம் என்றார்கள். பெண்களுக்கு 12க்குக் குறைந்தால் சோகை. 8க்குக் குறைந்தால் கடும் சோகை. “இந்த இரத்தத்தோடா ஒன்றரை நாள் நடந்திருக்கிறார்?” என்று மருத்துவர் வியந்து கேட்ட குரல் இன்றும் நம் காதில் இருக்கிறது.

குருமடத்தில் நாம் கற்றது மெய்யியலும் இறையியலும். ஆன்மா உடலின் உருவம் என்பதை 1312இல் வியேன் பொதுச்சங்கம் வரையறுத்தது என்று தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறோம். அந்த உடல் எப்படி இயங்குகிறது என்று ஒருவரும் நம்மிடம் கேட்டதில்லை, நாமும் கேட்டுக்கொண்டதில்லை. பயணம் முடிந்து திரும்பிய வாரத்தில் சகோதரி தம் செவிலியர் கல்லூரி உடலியல் நூலைக் கொண்டுவந்து நம் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். அதில் தொடங்கிய வாசிப்பு இன்றும் ஓயவில்லை.

நெடுந்தூரம் நடக்கவோ ஓடவோ இயலுவது இரண்டு காரியங்களின் பெருக்குத்தொகை. ஒன்று, இரத்தம் எவ்வளவு ஆக்சிஜனைக் கொண்டுவந்து சேர்க்கிறது என்பது. மற்றொன்று, தசை அதில் எவ்வளவை எடுத்துக்கொள்கிறது என்பது. ஜெர்மானிய உடலியலறிஞர் அடால்ஃப் ஃபிக் 1870இல் வகுத்த கணக்கு இது. காவிரிப் பாசனத்தில் வாழ்கிற நமக்கு இதை விளக்க வேறு உவமை தேட வேண்டியதில்லை. அணையில் நீரும் வேண்டும், ஆறு கொள்ளுமளவு அது வரவும் வேண்டும்; வந்த நீர் கடைமடை வாய்க்கால் வரை பிரிந்து பாய்ந்து வயலில் ஏறவும் வேண்டும். ஆற்றில் நீரிருந்தும் வயல் காய்வதுண்டு. வாய்க்கால் செம்மையாக இருந்தும் ஆறு வறண்டு போவதுண்டு.

ஹீமோகுளோபின் 1 கிராம் ஏறத்தாழ 1.34 மில்லிலிட்டர் ஆக்சிஜனைச் சுமக்கும். 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 15 கிராம் இருந்தால் 20 மில்லிலிட்டர் ஆக்சிஜன் கிடைக்கும். அந்தப் பெண்ணின் இரத்தத்தில் அது ஏறத்தாழ 9தான் இருந்திருக்கும். சும்மா இருக்கும்போது இதயம் நிமிடத்திற்கு 5 லிட்டர் இரத்தத்தைச் செலுத்துகிறது. முழு முயற்சியில் பயிற்சியற்ற ஒருவரிடம் 20 லிட்டரும், தேர்ந்த நெடுந்தொலைவு வீரரிடம் 35 லிட்டருக்கு மேலும் செல்லும். சோகை பிடித்தவரின் இதயம், குறைந்த சரக்கை அதிக நடை நடந்து சுமக்கும் கூலியாளைப்போல, சாதாரண நடைக்கே படபடவென்று அடித்துக்கொள்கிறது. நாம் சோம்பல் என்று எண்ணிய வேளையில் அவருடைய இதயம் நம் எல்லாருடையதைக் காட்டிலும் கடுமையாக உழைத்துக்கொண்டிருந்தது.

வயலின் கதை தசையில் இருக்கிறது. கோழிக்கறி நறுக்குகிற வீட்டில் எவரும் கண்டிருப்பர்: காலும் தொடையும் கருஞ்சிவப்பு, நெஞ்சுக்கறி வெளுப்பு. கோழி நாள் முழுதும் நடக்கிறது; பறப்பதோ எப்போதாவது ஒரு படபடப்பு. ஓயாது உழைக்கும் தசை இழைகளில் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும் மயோகுளோபினும், அதைக்கொண்டு உணவை எரித்து ஆற்றலாக்கும் மைட்டோகாண்டிரியா என்னும் நுண்ணுறுப்புகளும் மிகுதி. அதனால் அந்தச் சிவப்பு. நெடுந்தூரம் பறக்கும் புறாவின் நெஞ்சுக்கறி கருத்திருப்பதும் இதனாலேயே. மனிதரிலும் இருவகை இழைகளும் கலந்திருக்கின்றன. கலப்பு ஆளுக்கு ஆள் வேறு. பயிற்சியால் மைட்டோகாண்டிரியா பெருகும் என்பதை 1967இல் அமெரிக்காவின் செயின்ட் லூயி நகரில் ஜான் ஹாலோசி எலிகளை ஓடவிட்டுக் காட்டினார். 1976இல் ஸ்வீடன் நாட்டு பெங்ட் சால்டினும் அவர் குழுவினரும் சிலரை ஒற்றைக் காலால் மட்டும் மிதிவண்டிப் பயிற்சி செய்ய வைத்தனர். பயிற்சி பெற்ற காலின் தசை மாறியது. மற்றக் கால் இருந்தபடியே இருந்தது. ஒரே மனிதன், ஒரே இரத்தம், ஒரே மனவுறுதி. கால்கள் மட்டும் இரண்டு விதம்! இதைப் படித்தபோது நாம் வாய்விட்டுச் சிரித்தோம்.

இனி தையற்காரரிடம் வருவோம். பயிற்சியே இல்லாத ஒருவருக்கு அந்த மூச்சு எங்கிருந்து வந்தது? குருமடத்தில் நம்முடன் படித்த ஒருவரும் இப்படித்தான். கால்பந்துத் திடலுக்கே வராதவர், ஆண்டுவிழாவில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி நெடுந்தூர ஓட்டத்தில் முதலாவதாக வந்துவிடுவார். ஐயமாகப் பார்த்த அதிபருக்கு அவரால் விளக்கம் சொல்ல முடியவில்லை.

கனடாவின் டொராண்டோவில் யார்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நார்மன் கிளெட்ஹில் குழுவினர் 2002இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தருகிறது. ஓர் ஆள் தன் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நிமிடத்திற்கு எத்தனை மில்லிலிட்டர் ஆக்சிஜனைச் செலவிட முடியும் என்பதே மூச்சுத்திறனின் அளவுகோல். சும்மா இருக்கையில் அது 3.5. பயிற்சியற்ற இளைஞரின் உச்சம் 40 முதல் 45 வரை. உலகத் தரமான பனிச்சறுக்கு வீரருக்கு 80க்கு மேல். அக்குழுவினர் சோதித்த 1900 இளைஞருள் ஆறு பேர், எந்தப் பயிற்சியும் செய்த வரலாறு இல்லாமலேயே, 60ஐத் தாண்டினர். மற்றவர் ஆண்டுக்கணக்கில் ஓடி எட்டவேண்டிய இடத்தில் அவர்கள் சும்மா நின்றுகொண்டிருந்தனர். காரணத்தைத் தேடியபோது முதன்மையாகத் தென்பட்டது, அவர்கள் உடலிலுள்ள இரத்தத்தின் மொத்த அளவு இயல்பாகவே மிகுந்திருந்ததுதான். இரத்தம் மிகுதியாக இருந்தால் இதயத்திற்குத் திரும்பி வருவதும் மிகுதி. நன்றாக நிரம்பும் இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் நன்றாக இறைக்கிறது.

இதைவிட வியப்பானது பின்லாந்து நாட்டு ஈரோ மாண்டிராண்டாவின் வரலாறு. 1937இல் வடகோடி லாப்லாந்தில், ஸ்வீடன் எல்லையருகே பெல்லோ என்னும் ஊர்ப்பகுதியில் பிறந்தவர். பனிச்சறுக்குக் கட்டைகளைப் பூட்டிக்கொண்டு பள்ளிக்குப் போன பிள்ளை. பின்னர் எல்லைக் காவலர். 1960, 1964, 1968 ஒலிம்பிக் போட்டிகளில் மூன்று தங்கம் உட்பட ஏழு பதக்கங்கள் வென்றார். 1964இல் 15 கிலோமீட்டர் பந்தயத்தில் இரண்டாமவரை 40 வினாடி பின்தள்ளினார். (பனிச்சறுக்கு நமக்குத் தொலைவான காரியம்தான். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அதில் பெருவிருப்பம் கொண்டிருந்தார் என்பதால் இப்பக்கங்களில் அதற்கும் சற்றே உரிமை உண்டு.) அவர் இரத்தத்தில் ஹீமோகுளோபின் 20 கிராமுக்கு மேல். ஆண்களுக்கு 13 முதல் 17 வரை இருப்பதே இயல்பு. ஏதோ தகாத வழியில் இரத்தத்தைப் பெருக்கிக்கொண்டார் என்று பலர் ஐயுற்றனர்.

1993இல் உண்மை வெளிப்பட்டது. சிறுநீரகம் சுரக்கும் எரித்ரோபாய்ட்டின் என்னும் பொருள், செவ்வணுக்களை உண்டாக்குமாறு எலும்பு மச்சைக்குச் சொல்லும் தூது. தூதைப் பெறும் வாயிலில் ‘போதும், நிறுத்து’ என்று சொல்லும் ஒரு பகுதியும் உண்டு. ஹெல்சிங்கியில் ஆல்பர்ட் தெ லா ஷாப்பெல் குழுவினர் அக்குடும்பத்தின் இரத்தத்தை ஆராய்ந்தபோது, மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருப்பதால் அவர்களுக்கு அந்த நிறுத்தும் பகுதி அமையாமலே போயிருப்பதைக் கண்டனர். அவர்களது மச்சை செவ்வணுக்களை ஓயாமல் படைத்துக்கொண்டே இருந்தது. ஆராயப்பட்ட 97 உறவினருள் 29 பேரிடம் இந்த மாற்றம் இருந்தது. அவர்கள் எல்லாரும் பந்தய வீரர் அல்லர். பலர் தம் இரத்தத்தில் இப்படி ஒன்று ஓடுவதையே அறியாமல் நலமாக வாழ்ந்தனர். மாண்டிராண்டா 2013இல் தம் 76ஆம் வயதில் மறைந்தார்.

இங்கே ஒரு மறுப்பு எழும், எழவும் வேண்டும். அந்த 29 பேரும் பதக்கம் வாங்கவில்லையே. இருளிலும் பனியிலும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பயின்றவர் அல்லவா அவர்? உண்மை. கொடை உழைப்பின் இடத்தைப் பிடித்துக்கொள்வதில்லை. ஆனால் உழைப்பின் பலனும்கூட ஒரு கொடையாக இருக்கக்கூடும் என்பதை நாம் எண்ணிப் பார்த்ததில்லை. க்ளாட் பூஷார் என்னும் அறிஞர் முன்னின்று 1992இல் வட அமெரிக்காவில் தொடங்கிய பெரிய ஆய்வொன்றில், உடற்பயிற்சியே அறியாத குடும்பங்களைத் தேர்ந்து, தாய் தந்தையரையும் வளர்ந்த பிள்ளைகளையும் 20 வாரம், வாரத்திற்கு மூன்று நாள், ஒரே அளவாக நிலைமிதிவண்டியில் மிதிக்க வைத்தனர். சராசரியாக நிமிடத்திற்கு 400 மில்லிலிட்டர் அளவு மூச்சுத்திறன் கூடியது. அந்தச் சராசரிக்குள்ளே மறைந்திருந்ததுதான் செய்தி. சிலருக்கு ஏறத்தாழ ஒன்றுமே கூடவில்லை. சிலருக்கு 1000 மில்லிலிட்டர் கூடியது. ஏமாற்றியவர் இல்லை, அனைவரும் கண்காணிப்பில் மிதித்தவர்கள். இந்த வேறுபாட்டில் ஏறத்தாழப் பாதி குடும்ப மரபால் வருவது என்று கணக்கிட்டனர்.

இதைப் படித்த அன்று நமக்கு உறக்கம் வரவில்லை. மறைக்கல்வி வகுப்பிலும், விளையாட்டு விழாப் பரிசளிப்பிலும், முயன்றால் எவரும் முதலிடம் பெறலாம் என்று எத்தனை பிள்ளைகளிடம் சொல்லியிருப்போம்! முயன்றும் பெறாத பிள்ளை அதை எப்படிக் கேட்டிருக்கும்?

பிறகு 2017இல் சூரிச் நகரிலிருந்து மொன்டேரோ, லுண்ட்பி இருவர் வெளியிட்ட ஆய்வு கண்ணில் பட்டு நமக்குச் சற்றே ஆறுதல் தந்தது. ஆறு வாரம் பயின்றும் பயன் காணாதவர்களுக்கு, வாரத்திற்கு மேலும் இரண்டு மணி நேரப் பயிற்சியை அவர்கள் கூட்டினர். அடுத்த ஆறு வாரத்தில் அத்தனை பேருக்கும் மூச்சுத்திறன் ஏறியது. ஆகவே வரவே வராது என்று எவரையும் கைவிட வேண்டியதில்லை. ஆனால் ஒருவருக்கு ஒரு மணி நேரத்தில் கிடைப்பதற்கு மற்றொருவர் நான்கு மணி நேரம் கொடுக்க வேண்டியிருக்கிறது. வெளியே நின்று பார்க்கிறவனுக்கு முன்னவர் ஊக்கமுள்ளவராகவும் பின்னவர் மந்தமானவராகவும் தெரிகிறது.

ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெலாஜியு என்னும் துறவி, மனிதன் தன் மனவுறுதியாலேயே புண்ணிய வாழ்வு வாழ இயலும் என்று கற்பித்ததையும், தூய அகுஸ்தினார் அதை எதிர்த்து நின்றதையும், 418இல் கார்த்தேஜ் சங்கம் அதைக் கண்டித்ததையும் குருமடத்தில் ஒரு பருவம் முழுதும் படித்தோம். பெலாஜியுவைத் தாளில் மறுத்து எழுதுவது எளிது. காலை 10 மணி வெயிலில், சோறு ஆறிப்போகிறதே என்ற எரிச்சலில், நம் வாயிலிருந்து வந்தது பெலாஜியுவின் போதனைதான். தூய பவுலடியாரின் ஓட்டக்காரன் கொரிந்திய மக்களுக்குப் பழக்கமானவன். அந்நகருக்கு அருகிலேயே இஸ்துமியப் போட்டிகள் ஈராண்டுக்கு ஒருமுறை நடந்தன. வென்றவனுக்கு வாடிப்போகும் இலைமுடி சூட்டினர். அந்த ஒன்பதாம் அதிகாரத்தை நாம் எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறோம். அதே திருமுகத்தின் நான்காம் அதிகாரத்தில், செருக்குற்ற கொரிந்தியரைப் பார்த்து, உங்களிடம் இருப்பதெல்லாம் எங்கிருந்து வந்தது என்னும் பொருள்பட அவர் ஒரு கேள்வி கேட்கிறாரே, அதை அந்த முற்றத்தில் தையற்காரரை எழுப்பி நிறுத்தியபோது நாம் நினைக்கவில்லை. அவர் கூசியது ஏன் என்று இப்போது புரிகிறது. தாம் ஒன்றும் செய்யவில்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

நவம்பர் மாதத்தில், கல்லறைத் திருநாள் கழிந்து சில நாட்களில், அந்தப் பெண்ணின் வீட்டிற்குச் சென்றோம். மன்னிப்புக் கேட்பது என்று முடிவு செய்துகொண்டுதான் போனோம். எனினும் திண்ணையில் அமர்ந்து பிள்ளைகளின் படிப்பு, மழை, நடவு என்று அரைமணி நேரம் வீணாக்கினோம். பிறகு ஒருவாறு சொன்னோம். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“நீங்க சொன்னது சரின்னுதான் சாமி நானும் நெனச்சேன். விசுவாசம் பத்தலைன்னுதான், ஊருக்கு வந்ததும் சனிக்கிழமை சனிக்கிழமை மாதாவுக்கு ஒருசந்தி இருக்கறதா நேந்துக்கிட்டேன்.”

ஒருசந்தி என்றால் அவருக்கு நாள் முழுதும் ஒருவேளைக் கஞ்சி. இரத்தம் இல்லாத உடம்பு. மூன்று பிள்ளைகளுக்கும் கணவருக்கும் பரிமாறிவிட்டு மிஞ்சியதை உண்கிற வழக்கம். மாதந்தோறும் பெண்ணுடலுக்கே உரிய இழப்பு. அதன்மேல் நாம் சொன்ன ஒரு வாக்கியம் ஏற்றிவைத்த நோன்பு. இரண்டு மாதமாக அதை விடாமல் கடைப்பிடித்திருக்கிறார். நாம் என்ன சொல்ல முடியும்? திருச்சபை நமக்குத் தந்திருக்கும் அதிகாரத்தால் அந்த நேர்த்தியிலிருந்து அவரை அங்கேயே விடுவித்தோம். அதற்குப் பதிலாகச் சனிக்கிழமைதோறும் முருங்கைக்கீரையும் முட்டையும் உண்ண வேண்டும், சாப்பிட்ட உடனே தேநீர் குடிக்கக் கூடாது என்று சொன்னோம். தேநீர் இரும்புச்சத்தை உடலில் சேரவிடாது என்பது சகோதரி நமக்குக் கற்பித்தது. இதுவும் ஒரு பரிகாரமா என்று அவர் நம்பாமல் பார்த்தார்.

மாத்திரை தொடர்ந்தது. சனவரியில் ஹீமோகுளோபின் 10ஐத் தாண்டியது. “ரத்தம் ஏறிடுச்சுங்கறாங்க சாமி, காலுதான் இன்னும் என் பேச்சைக் கேக்கல” என்றார் ஒருநாள் பூசை முடிந்து. சோம்பல் என்று நம் நாக்கு இம்முறை சொல்லவில்லை. 1982இல் கலிபோர்னியாவில் செய்யப்பட்ட ஓர் ஆய்வை அதற்குள் படித்திருந்தோம். இரும்புச்சத்து இல்லாத உணவில் வளர்த்த எலிகளுக்குப் பின்னர் அச்சத்தைக் கொடுத்தபோது, சில நாட்களிலேயே இரத்தம் தேறியது; அதனுடன் சேர்ந்து மூச்சின் உச்சத்திறனும் தேறியது. ஆனால் நெடுநேரம் ஓடும் தாங்குதிறன் உடனே திரும்பவில்லை. இரும்பு இரத்தத்தில் மட்டும் இருப்பதன்று. தசைக்குள் மயோகுளோபினிலும் மைட்டோகாண்டிரியாவிலும் இருப்பது. தசை தன் பங்கு இரும்பைப் பெற்று மீண்டும் கட்டியெழுந்த பிறகே எலிகள் பழையபடி ஓடின. எலியில் கண்டதை மனிதருக்கு அப்படியே பொருத்துவது அவசரம் என்றாலும், அணை நிரம்பிய அன்றே கடைமடை பசுமையாகிவிடாது என்பது உழவர் மகளுக்குச் சொன்னால் புரியாததா? சொன்னோம், புரிந்துகொண்டார்.

2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்குச் சோகை. ஆண்களில் 25 பேருக்கு. நம்முடன் நடக்கிறவர்களில் பெண்களே மிகுதி. இப்போது கொடி புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்னதாகவே பங்கு மன்றத்தில் இரத்தப் பரிசோதனை முகாம் வைக்கிறோம். நோன்பைப் பற்றி மேடையில் பேசும்போது யாருக்கு அது ஆகாது என்பதையும் சேர்த்தே சொல்கிறோம். தையற்காரரின் இரத்தத்தில் என்னதான் இருக்கிறது என்று காண நமக்கு ஆவல். ஆனால் மூன்று ஆண்டுகளாக முகாமன்று அவர் கடையைப் பூட்டிக்கொண்டு எங்கோ போய்விடுகிறார். ஊசி என்றால் பயமாம்.

சென்ற ஆண்டு நடையில் சப்பரத்தைக் கூட்டத்தின் நடுவில் விட்டோம். கடைசி ஆள் வந்து சேரும்வரை அது நகராது என்று ஏற்பாடு. சோறு ஆறிப்போனது, ஒருவரும் குறை சொல்லவில்லை. இரண்டாம் நாள் முற்பகலில் அதே மதகு வந்தது. அந்தப் பெண் நின்று, கட்டையைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு, நடந்துகொண்டே இருந்தார். நம்மால்தான் முடியவில்லை. உட்கார்ந்துவிட்டோம். அவர் திரும்பிப் பார்த்து, “என்ன சாமி, உக்காந்துட்டீங்க?” என்றார். அருட்சகோதரி மறுபேச்சுப் பேசாமல் அருகில் வந்து நம் கண்ணின் கீழ்இமையை விரலால் இழுத்துப் பார்க்கத் தொடங்கினார்.